கியர் லீவரை முறித்தது உவர்மலைச் சரிவு

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கிப் போடுகிறேன்:

"ஐயா, எங்கள் வீட்டில் 1959 செவ்ரொலே பெல் எயர் ஒன்று நிற்கிறது, அப்பப்பா வாங்கினது. பவர்கிளைட் ஓட்டோ கியர், லீவர் ஸ்டியரிங் தண்டில். மழைக் காலம் முழுக்க கேற்றுக்கு வெளியே மூடிவைத்திருந்தோம். போன கிழமை எடுக்கப்போய், பி-யில் (பார்க்) இருந்து இழுத்தபோது லீவர் அடியோடு முறிந்து கையில் வந்துவிட்டது. இப்போது மிஞ்சின துண்டில் வைஸ் கிரிப் (பூட்டிக்கொள்கிற குறடு) பிடித்துத்தான் கியர் போடுகிறேன். அநுராதபுரச் சந்தியில் ஒரு வெல்டிங் கடைக்காரர் கொண்டுவாருங்கள் ஒட்டித் தருகிறேன் என்கிறார். நண்பர் ஒருவர் தரையில் நிற்கிற லீவராக மாற்றிவிடச் சொல்கிறார். கனடாவில் சித்தப்பா இருக்கிறார், பார்ட்ஸ் வாங்கி அனுப்பலாம். தையில் தங்கைக்குக் கலியாணம், பெண்ணும் மாப்பிள்ளையும் இந்தக் காரில்தான் கோணேஸ்வரத்துக்குப் போகவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார். எதைச் செய்யலாம்? சில நேரம் சாவி போட்டால் ஸ்டார்ட்டும் எடுக்கிறதில்லை, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? படங்கள் இணைத்திருக்கிறேன்."

தம்பி, முதலில் அந்த வைஸ் கிரிப்பைக் கழற்றி வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு. மிஞ்சியிருக்கிற துண்டு விரல் நீளம்கூட இல்லை, அதைக் கடித்துக்கொண்டு நிற்கிற கிரிப் ஒருநாள் பாதி வழியில் வழுக்கும், வழுக்கினால் என்-இல் (நியூட்ரல்) விட்டதாக நீங்கள் நினைக்கிற கார் ஆர்-இல் (ரிவேர்ஸ்) நிற்கும். உங்கள் காரில் ஆரும் என்னும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. அதோடு கிரிப்பின் பாரத்துக்கே குலுங்கிக் குலுங்கி லீவர் கீழே இறங்கவும் கூடும். கலியாணத்துக்கு நாள் கிடக்கிறது, அதுவரை கார் வீட்டில் நிற்கட்டும்.

சரி, படத்துக்கு வருவோம். முறிந்த முகத்தைக் கிட்டவைத்து எடுத்து அனுப்பினது நல்ல வேலை. பெரும்பாலானவர்கள் காரின் முன்பக்கத்தை அழகாக எடுத்து அனுப்பிவிட்டு என்ன பழுது என்று கேட்பார்கள். அந்த முகத்தை டோர்ச் அடித்து இன்னொருமுறை பாருங்கள். லீவரைப் பூட்டுகிற 'பின்' என்கிற இரும்பு ஊசி போகிற ஓட்டையில் இருந்து தொடங்கி முக்கால்வாசி இடம் கறுப்பும் மண்ணிறமுமாகத் துருப்பிடித்திருக்கிறது. கீழ் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீற்று மட்டும் வெள்ளிச் சாம்பலாக, மணல் மணலாக மினுங்குகிறது. போன கிழமை உங்கள் கையில் முறிந்தது அந்தப் பிறை மட்டும்தான். மற்ற முக்கால்வாசி எப்போதோ வெடித்து, வெடிப்புக்குள் உப்புக்காற்றும் ஈரமும் போய், உள்ளுக்குள்ளேயே துருவேறிக் கிடந்திருக்கிறது. மேலே குரோம் பளபளவென்று இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே உங்கள் கைப்பலத்தைக் குறை சொல்லவேண்டாம், அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

இனி, ஏன் வெடித்தது என்று பார்க்கவேண்டும். அதைப் பார்க்காமல் புது லீவர் போட்டால் அதுவும் கொஞ்சக் காலத்தில் அதே இடத்தில் முறியும். உங்கள் கடிதத்தில் இருக்கிற இரண்டு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது: உவர்மலை, கேற்றுக்கு வெளியே. அந்த வீதிகள் எப்படிச் சரிந்து கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். நீங்கள் கொண்டுவந்து நிறுத்தி, லீவரைப் பி-க்குத் தள்ளிவிட்டு, பிரேக்கில் இருந்து காலை எடுத்திருப்பீர்கள், கார் ஒரு சாண் பின்னால் போய் 'டக்' என்று நின்றிருக்கும். உங்கள் அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார். ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்றோ, இறுகிப்போய்விட்டது என்றோ அதை மறந்து கனகாலம் ஆகியிருக்கும்.

பி என்பது பிரேக் இல்லை. கியர்பொக்ஸுக்குள் பின் சில்லுகளோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு பல்சக்கரம் இருக்கிறது, நீங்கள் பி போட்டதும் ஒரு சின்ன இரும்புக் கொளுக்கி அந்தப் பற்களுக்கு இடையில் விழுந்து பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். சரிவில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் விட்டால் ஒன்றரைத் தொன்னுக்கு மேலான காரின் பாரம் முழுவதும் அந்தக் கொளுக்கியில் தொங்கும். பிறகு நீங்கள் பி-யில் இருந்து எடுக்கும்போது, அந்தப் பாரத்துக்கு அடியில் நசிந்திருக்கிற கொளுக்கியை லீவரால்தான் பிடுங்கி எடுக்கிறீர்கள். லீவர் நீளம், பிடிக்கிற இடம் முனையில், முறுகுகிற இடமோ அடியில் பின் ஓட்டை இருக்கிற அந்த மெல்லிய கழுத்து. ஒவ்வொரு காலையும் அதே கழுத்தில் அதே முறுகல். அதற்குமேல் கியர்பொக்ஸுக்குப் போகிற ராட்டும் (இணைப்புக் கம்பி) மூட்டுகளும் மழைக்காலம் முழுக்க அசையாமல் இறுகிக் கிடந்திருக்கின்றன. முறியாமல் என்ன செய்யும்?

வெல்டிங் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். அந்தக் கடைக்காரரின் கைவேலையில் எனக்குச் சந்தேகமில்லை, இடம்தான் சரியில்லாத இடம். லீவர் உருக்கு. அது செருகி நிற்கிற கொலர், அதாவது ஸ்டியரிங் தண்டைச் சுற்றி இருக்கிற அந்த வார்ப்புத் துண்டு, நாகக் கலவை. உருக்கு உருக கிட்டத்தட்ட 1500 பாகை செல்சியஸ் வேண்டும், இந்த நாகக் கலவை 400 பாகைக்குக் குறைவிலேயே தண்ணீராகிவிடும். காரில் வைத்தபடி ஒட்டப்போனால் லீவர் ஒட்டும், கொலர் போய்விடும். லீவருக்கு மாற்று இருக்கிறது, கொலர் கிடைப்பதுதான் கஷ்டம். கழற்றி எடுத்து மேசையில் வைத்து ஒட்டினாலும், வெல்டிங் திரட்டு கொலரின் ஒடுக்கமான பள்ளத்துக்குள் போகாது, போகவைக்க அரத்தால் ராவுவீர்கள், ராவினால் ஒட்டின பலம் போய்விடும். குரோம் பூச்சின் மேல் அப்படியே வெல்ட் அடித்தால் வருகிற புகையும் நஞ்சு, அதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

தரை லீவர் யோசனை சொன்ன நண்பருக்கு வணக்கம் சொல்லிவிட்டு விடுங்கள். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அறுபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த தரைத் தகட்டில் ஓட்டை வெட்டி, முன்னால் இருக்கிற நீள இருக்கைக்கு நடுவில் ஒரு தடியை நட்டு, காரின் பெறுமதியையும் குறைத்து, கடைசியில் பெண்ணின் சேலை மாட்டுகிற இடத்தில் லீவரை வைக்கவேண்டுமா? தண்டில் லீவர் இருப்பதுதான் அந்தக் காருக்கு அழகு.

ஆகவே மாற்றுவதுதான் வழி. அதற்கு இரண்டு பாதை இருக்கிறது.

சித்தப்பா அனுப்புவது முதல் பாதை. அமெரிக்காவில் அந்தக் காலத்துச் செவ்ரொலேகளுக்குப் புதிதாகச் செய்த லீவர்கள் விற்கிறார்கள், கிடைக்கும். ஆனால் அவை அவர்களுடைய இடப்பக்க ஸ்டியரிங் காருக்குச் செய்தவை, லீவர் தண்டின் வலப்பக்கம் நிற்கும். உங்களுடையது வலப்பக்க ஸ்டியரிங், படத்தில் லீவர் இடப்பக்கம் நிற்கிறது, வளைவும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்ப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் பார்சல் வந்து சேரும், லீவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வருடத்தையும் கவனிக்கவேண்டும். 1955, 1956 செவ்ரொலேகளில் பவர்கிளைட்டின் வரிசையே வேறு: பி, என், டி (சாதாரணமாக ஓடுகிற கியர்), எல் (மெதுவான கியர்), கடைசியில் ஆர். உங்கள் படத்தில் பி, ஆர், என், டி, எல் என்று தெளிவாகத் தெரிகிறது. 'ஐம்பதுகளின் செவ்ரொலேக்குப் பொருந்தும்' என்று பொதுவாக எழுதியிருப்பதை நம்பி சித்தப்பா காசைக் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் உடைந்த இரண்டு துண்டையும் பொருத்தி வைத்து, சுற்றிவரப் பென்சிலால் கோடு கீறி, பக்கத்தில் ஒரு அடிமட்டமும் வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள், விற்கிறவனிடம் அதைக் காட்டிக் கேட்கட்டும்.

இரண்டாவது பாதை நம்முடைய லேத் பட்டறை. எனக்கு இதுதான் பிடிக்கும். லீவர் என்ன பெரிய சாமானா, முனையை நோக்கி ஒடுங்குகிற ஒரு உருக்குத் தடி, ஒரு முனையில் குமிழ் திருகுகிற நூல், மறுமுனையில் தட்டையான கழுத்தும் ஓட்டையும். பட்டறைக்காரரிடம் சொல்லவேண்டியவை சில இருக்கின்றன. கட்டட வேலைக்கு வருகிற கம்பியில் செய்யக்கூடாது, தண்டு செய்கிற நல்ல உருக்குத் தடி வாங்கவேண்டும். கழுத்து தடியோடு சேருகிற இடத்தைக் கூர் மூலையாக வெட்டாமல் உருட்டி விடவேண்டும், ஏனென்றால் வெடிப்பு எப்போதும் கூர் மூலையில்தான் தொடங்கும். ஓட்டையின் விளிம்பையும் மழுக்கிவிடவேண்டும். வளைவைக் கடைசியில் சூடாக்கி, பலகையில் கீறின கோட்டோடு வைத்து வைத்துப் பார்த்து வளைக்கட்டும். குரோம் பூசக் கொடுக்க முன் வெறும் இரும்பாகவே காரில் பொருத்தி எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள், பூசின பிறகு ராவ முடியாது. பூச்சு ஓட்டையையும் கொஞ்சம் ஒடுக்கும், அதைத் திரும்ப ஒரு இழுவை இழுத்துவிடவேண்டும்.

குமிழ் பழசையே போடுங்கள். ஆனால் அதன் நூல் அங்குலக் கணக்கு. 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீற்றர், நம் கடைகளில் கிடைக்கிற 8 மில்லிமீற்றரோடு பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் சாதாரண 8 மில்லிமீற்றர் நூலின் இடைவெளி 1.25, இந்த 5/16 கரடு நூலின் இடைவெளி 1.41. முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும், நீங்கள் பலம் பிடிப்பீர்கள், அறுபது வருடப் பிளாஸ்டிக் குமிழ் பிளந்துவிடும். இந்தக் காரில் எந்த நட்டும் கையால் சுகமாகப் போகாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

இனிக் கழற்றுகிற வேலை. லீவரைக் கொலரோடு பிடித்திருப்பது ஒரு ரோல் பின், நீளவாக்கில் பிளவு விட்டுச் சுருட்டின ஸ்ப்ரிங் உருக்கு. உங்கள் இரண்டாவது படத்தில் அதன் வட்டத் தலை துருவோடு தெரிகிறது. சில கார்களில் முன்னாலே யாரோ அந்தப் பின்னைத் தொலைத்துவிட்டு ஆணி வெட்டிப் போட்டிருப்பார்கள். உங்களுடையதில் பிளவு தெரிகிறது, பிழைத்தீர்கள். பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, பின்னின் இரண்டு பக்கமும் துரு கழற்றுகிற ஒயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். அடுத்தநாள் இன்னொருமுறை விடுங்கள். சூடு காட்டவே கூடாது, ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பொதுவாக எல்லோரும் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அடிக்கிறதென்றால் கொலருக்கு அடியில் ஒருவர் பலகைக் கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அடி முழுக்க அந்த வார்ப்பில் இறங்கி, பின் வருகிறதோ இல்லையோ கொலர் வெடிக்கும். ஆனால் நான் அடிக்கிறதில்லை. ஒரு ஜி கிளாம்ப் எடுங்கள், பின் வெளியே வரவேண்டிய பக்கத்தில் சின்ன சொக்கெட் ஒன்றின் வாயை ஓட்டைக்கு நேரே வையுங்கள், மற்றப் பக்கத்தில் பின்னைவிடக் கொஞ்சம் மெல்லிய ஒரு துண்டு உருக்கைப் பின்னின் தலையில் வைத்து, கிளாம்பை மெதுவாக இறுக்குங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கால் சுற்று. பிறகு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், துரு விட்டுவிட்டது என்று அர்த்தம், அதன்பின் பின் சொக்கெட்டுக்குள் தானாக நகர்ந்து வரும். டாஷ்போர்டுக்குக் கீழே இடம் ஒடுக்கம்தான், இரண்டு கையும் பத்தாது, ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சின துண்டை இழுக்கிறபோது உள்ளே லீவர் கடகடக்காமல் இருக்க வைத்த சின்ன ஸ்ப்ரிங் ஒன்று இருக்கலாம், தெறிக்கும், கீழே பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துவிட்டே இழுங்கள். பின்னைத் துளையிட்டு எடுக்க நினைக்கவேண்டாம். அது கடினமான உருக்கு, ட்ரில் பிற் வழுக்கிப் பக்கத்தில் இருக்கிற மெத்தென்ற நாகத்துக்குள் இறங்கிவிடும்.

(வேறு யாராவது இதைப் படித்துவிட்டுச் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: 1967இல் இருந்து ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் மோதினால் மடங்குகிற ஸ்டியரிங் தண்டு வந்துவிட்டது. அதில் சுத்தியல் அடி பட்டால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பின்கள் அறுந்துபோகும். அந்த வண்டிகளில் கிளாம்ப் வழி மட்டும்தான்.)

லீவர் வெளியே வந்ததும் கொலரைத் துணியால் நன்றாகத் துடைத்து, பின் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். ஓட்டை வட்டமாக இருக்கவேண்டும், முட்டை வடிவமாகியிருந்தால் பட்டறையில் கொஞ்சம் பெரிதாக்கிச் சரிபண்ணி அடுத்த அளவுப் பின் போடலாம். இங்கேயும் அங்குலக் கதைதான். 3/16 அங்குலம் 4.76 மில்லிமீற்றர், 5 மில்லிமீற்றர் பின்னை அதற்குள் அடித்தால் கொலர் பிளக்கும், ஆகவே அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கொலரே வெடித்திருந்தால் வேலை பெரிது. ஸ்டியரிங் வளையம் கழற்றவேண்டும், அதற்குப் புல்லர் (இழுத்துக் கழற்றுகிற கருவி) வேண்டும். அந்த நிலைமை என்றால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

புது லீவரைப் போட்டுக் கிறீஸ் தடவிப் புதுப் பின் இறுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. லீவர் உங்கள் கைக்கு, கியர் போடுவதோ கீழே கியர்பொக்ஸின் பக்கவாட்டில் இருக்கிற ஒரு சின்னக் கை. இரண்டுக்கும் நடுவில் ராட்டுகள், மூட்டுகள், மூட்டு ஓட்டைகளுக்குள் போடுகிற புஷ் வளையங்கள். மேலே டி என்று காட்டும்போது கீழேயும் டி ஆகச் சரியாக விழுந்திருக்கவேண்டும், பாதியில் நின்றால் உள்ளே ஒயில் அழுத்தம் பாதிதான் போகும், கிளச் தகடுகள் வழுக்கிக் கருகும். லீவர் மாற்றினதற்குப் பிறகு கியர்பொக்ஸ் பழுதாகிவிட்டது என்று வருகிற வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

காருக்குக் கீழே போகமுன் இதை வாசியுங்கள். உங்கள் வீட்டு வாசலில் இந்த வேலை வேண்டாம். சமதரைக்குக் கொண்டுபோங்கள். நாலு சில்லுக்கும் இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், ஜாக்கில் மட்டும் நிற்கிற காருக்குக் கீழே தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். ஒரு பின் சில்லை மட்டும் தூக்கினால் பி போட்டிருந்தாலும் கார் உருளும், இரண்டு பின் சில்லையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் அதை விட்டுக்கொடுத்துவிடும், பலருக்கு இது தெரியாது. நீங்கள் கீழே இருந்து அந்தக் கையைத் தள்ளுகிற நேரம் கார் பி-யில் இருந்து விடுபடுகிறது, அதைப் பிடித்திருப்பது கட்டைகள் மட்டும்தான். எஞ்சின் நிறுத்தியிருக்கவேண்டும், சாவி உங்கள் பொக்கெட்டில்.

கீழே ராட்டின் முனைகளில் புஷ்கள் தேய்ந்து ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும், நிச்சயம். பழைய டயர் டியூப் வெட்டிச் சுற்றுவது, கட்டுக்கம்பி முறுக்குவது எல்லாம் வேண்டாம், லேத்தில் நைலோன் புஷ் கடைந்து தருவார்கள், ஒரு தேநீர் குடித்து முடிகிற நேர வேலை. மூட்டுகளின் துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்துக் கிறீஸ் போடுங்கள். பிறகு ராட்டைக் கியர்பொக்ஸ் பக்கத்தில் கழற்றிவிட்டு மேலே புது லீவரை அசைத்துப் பாருங்கள், ஒரு விரலால் போகவேண்டும். போகாவிட்டால் இறுக்கம் மேலே. கீழே அந்தக் கையைத் தனியாக அசைத்துப் பாருங்கள், ஒவ்வொரு கியருக்கும் ஒரு 'கிளிக்' கைக்குத் தெரியவேண்டும். பக்கத்திலேயே அக்சிலேட்டரில் இருந்து வருகிற இன்னொரு ராட் இருக்கும், அதன் அளவைத் தொடவே தொடாதீர்கள், தொட்டால் கியர் மாறுகிற நேரமே குழம்பிவிடும்.

இனிச் செற்றிங். கீழே கையை எல் பக்கத்துக் கடைசிவரை தள்ளி, அங்கிருந்து ஒரே ஒரு கிளிக் திரும்பக் கொண்டுவாருங்கள், அது டி. மேலே லீவரை, தூக்காமல், டி-யின் தடையில் சாய்த்து வைக்க ஒருவரை இருத்துங்கள். இப்போது ராட் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே நட்டை இறுக்குங்கள், இழுத்துப் பொருத்தக்கூடாது. பிறகு பி-யில் இருந்து எல் வரை போய்வந்து ஒவ்வொன்றிலும் கீழே கிளிக் முழுமையாக விழுகிறதா என்று பாருங்கள். லீவரைத் தூக்காமல் என்-இல் இருந்து ஆர்-க்குப் போகவே கூடாது, போனால் லீவரின் உள்முனை நீளம் குறைவாக இருக்கிறது. பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள், 'பரவாயில்லை' என்று விடாதீர்கள்.

ஸ்டார்ட் எடுக்காத கதைக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பி, என் இரண்டிலும் மட்டும் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுகிற ஒரு சுவிட்ச் இருக்கிறது, உங்கள் மாதிரிக் கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டின் அடியில், டாஷ்போர்டுக்குக் கீழே. லீவரும் ராட்டும் தேய்ந்து ஆடினால் சுவிட்ச் ஒரு நாள் பி-யைப் பார்க்கும், ஒரு நாள் பார்க்காது. லீவரைக் கொஞ்சம் ஆட்டிப் பிடித்துக்கொண்டு சாவி போட்டால் எடுக்கும், சரியா? செற்றிங் எல்லாம் முடிந்த பிறகு சுவிட்சின் இரண்டு திருகாணியைத் தளர்த்தி நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் யாராவது மெக்கானிக் 'அந்தச் சுவிட்ச் தேவையில்லை, நேரே வயர் கொடுத்துவிடுகிறேன்' என்று சொன்னால் காரைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள். டி-யில் ஸ்டார்ட் எடுக்கிற கார் வீட்டுச் சுவரையும் உடைக்கும், ஆளையும் கொல்லும். கடைசியில் நீங்களே சோதிக்கவேண்டும்: முன்னால் பின்னால் யாரும் இல்லாத இடத்தில், பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, ஆர், டி, எல் ஒவ்வொன்றிலும் சாவி போட்டுப் பாருங்கள், எதிலும் ஸ்டார்ட்டர் சுற்றக்கூடாது.

இது செவ்ரொலே வைத்திருக்கிறவருக்கு மட்டும் சொல்கிற விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் அதிகம் ஓடுகிற 123 ரக மெர்சிடிஸ் பென்ஸ் ஓட்டோ வைத்திருக்கிறவர்களும் லீவர் ஆடுகிறது, பி-க்குப் போகுதில்லை என்று வருவார்கள். அதில் லீவர் முறிவது குறைவு, கீழே ராட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற பிளாஸ்டிக் புஷ் பொடிப்பொடியாகி விழுந்திருக்கும். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு மெத்தென்றானதும் வைஸில் வைத்து அமத்தினால் உள்ளே போய்விடும். செற்றிங் செய்யும்போது கார் நாலு சில்லில் நிற்கவேண்டும், என்-இல் லீவருக்கும் தடைக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. புஷ் போனதைத் தெரியாமல் லீவரையே மாற்றச் செலவழித்தவர்கள் உண்டு.

ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்வது இந்த வேலையின் ஒரு பகுதி, தனி வேலை இல்லை. கேபிள் துருவில் இறுகியிருக்கும், மாற்றுங்கள். அதன்பிறகு சரிவில் நிறுத்துகிற முறை இது: காலால் பிரேக், லீவர் என்-இல், ஹேண்ட் பிரேக்கை முழுக்கப் போட்டு, காலை மெல்ல எடுங்கள், கார் ஹேண்ட் பிரேக்கில் நின்று பாரம் அதில் இறங்கட்டும். நின்றதும் திரும்பப் பிரேக் மிதித்துப் பி-க்குப் போங்கள். எடுக்கும்போது மறுவளம்: பிரேக் மிதித்து, முதலில் பி-யில் இருந்து எடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இப்படிச் செய்தால் பி-யில் இருந்து லீவர் வெண்ணெயில் கத்தி போல வரும், வராவிட்டால் இழுக்காதீர்கள், எங்கோ பாரம் தொங்குகிறது.

கலியாணத்தன்றைக்குக் கார் ஓட்டுவது நீங்களா, வேறு ஆளா என்று எழுதவில்லை. வேறு ஆள் என்றால் இந்த முறையை அவருக்கு முதல்நாளே காட்டிவிடுங்கள். கோட்டை வாசலுக்குள் நுழைந்து கோயிலுக்கு ஏறுகிற பாதையில் மான்கள் குறுக்கே நிற்கும், கூட்டமும் இருக்கும், அந்த ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் போகவேண்டி வரும். புது ரக ஓட்டோ ஓட்டிப் பழகினவர் அந்தரத்தில் பி-க்குத் தள்ளிவிட்டுக் கதவைத் திறப்பார். மேலே சமமான இடம் கிடைக்காவிட்டால் சில்லுக்கு வைக்க இரண்டு கட்டையை டிக்கியில் போட்டுவிடுங்கள், பூமாலைக்குப் பக்கத்தில் கிடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வழியில் ஏதாவது நடந்து இழுத்துக்கொண்டு வரவேண்டி வந்தால் பின் சில்லுகள் நிலத்தில் உருளக்கூடாது, பின்பக்கத்தைத் தூக்கி இழுங்கள், அல்லது புரொப்பலர் சாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுங்கள்.

இனி நீங்கள் எனக்கு அனுப்பவேண்டியது: துடைத்த பிறகு கொலரின் இரண்டு பக்கப் படம், பின் ஓட்டையின் அளவு, பலகையில் கீறின லீவரின் படம். பின்னை எடுக்க முடியாமல் தெண்டித்துக்கொண்டு இருந்தால் அடிக்கமுன் ஒரு வார்த்தை எழுதுங்கள். சித்தப்பாவிடம் காசு அனுப்பச் சொல்வது கொலரைப் பார்த்த பிறகு.